நாற்பத்தேழில் யாரோ இருக்கிறார்கள்

காலை மணி 8.00. கல்பனா அதை நிற்கச் சொன்னாள்.

மணி 9.45. அது நிற்கவில்லை.

முப்பது விநாடியில் முடிய வேண்டிய காரியம். 'நிறுத்தப்படுகிறது, காத்திருக்கவும்' என்ற ஒற்றை வரி ஒன்றே முக்கால் மணி நேரமாகத் திரையில் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கணினிகளுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

நிற்க மறுத்தது ஒரு ப்ராக்ஸி. சித்தூரைத் தாண்டி வேலூர் ரோட்டில் இருக்கும் மாம்பழக் கூழ் ஆலையின் ப்ராக்ஸி. ஆலைக்குள் இருக்கும் எந்தக் கணினியும் வெளியே பேச வேண்டுமானால் இதன் வழியாகத்தான் பேச வேண்டும். எந்த வண்டி உள்ளே போனது, எது இன்னும் வாசலில் நிற்கிறது என்ற பட்டியலைத் தன் நினைவில் வைத்திருந்து, ரேணிகுண்டாவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அவ்வப்போது அனுப்புவதும் இதுதான். ஒழுங்காக நிறுத்தினால் பட்டியலை எழுதி வைத்துவிட்டு நிற்கும். கரண்டைப் பிடுங்கினால் பட்டியல் போச்சு.

போன திங்கட்கிழமை அதையும் செய்து பார்த்தாயிற்று. மெஷின் மந்தமாக இருக்கிறது என்று மேலாளர் நாகபூஷணமே தன் கையால் பிடுங்கினார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எண்பது வண்டிகளின் வரிசை கலைந்து வாசலில் அடிதடி. வாட்ச்மேன் சின்னப்பனின் நெற்றியில் இன்னும் பிளாஸ்திரி இருக்கிறது.

இன்று நிறுத்தாமலும் இருக்க முடியாது. ஆலையின் பழைய இணைய லைன் மதியம் இரண்டு மணியோடு முடிகிறது. புது லைனுக்கு மாற, ப்ராக்ஸியை ஒருமுறை முழுதாக நிறுத்தி எழுப்ப வேண்டும். இப்போது அது நின்ற பாடும் இல்லை, ஓடிய பாடும் இல்லை. புதிதாக யாரையும் உள்ளே விடாமல், எதற்கோ காத்துக்கொண்டு கிடந்தது. அதனால் எட்டு மணியிலிருந்து ஒரு வண்டிகூட எடை மேடையில் ஏறவில்லை. வெளியே ஜூன் வெயில். வண்டி வண்டியாகத் தோத்தாபுரி மாம்பழம்.

மணி 9.50. வண்டி நம்பர் கூப்பிடும் மைக்கை நாகபூஷணம் கையில் எடுத்தார்.

"அலோ, அலோ. ரைத்துங்க, வெவசாயிங்க எல்லாம் கேளுங்க. லேட்டுக்குக் காரணம் ஆலை இல்ல. நம்ம கம்ப்யூட்டர் பொண்ணு கல்பனா வேணும்னே மெஷினப் பூட்டிப்புட்டா. ரெண்டு மணிக்குள்ள தொறக்கலன்னா போலீசுல கம்ப்ளைண்டு. இதப் பண்ணவங்க யாரா இருந்தாலும் அப்பால இந்த ஆலையில வேல கெடையாது. அந்த்தே, அவ்ளோதான்!"

ஒலிபெருக்கி வேலூர் ரோடு வரைக்கும் கேட்கும். கல்பனாவுக்கு இருபத்தாறு வயது. சாந்திபுரத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து படித்து வந்தவள். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் முதல் ஆள். போலீஸ் என்று ஒரு காகிதம் பெயரோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த வேலைக்கு எங்கே போவாள்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இந்த ஆலையில் அந்த ஆண்டி அவள்தான்.

மணி 10.25. திருப்பதி பஸ்ஸிலிருந்து ஈவ்லின் இறங்கினாள்.

நாற்பத்திரண்டு வயது. இந்த மாவட்டத்துப் பழைய மிஷன் சபைக் குடும்பம், இப்போது திருப்பதியில் வாசம். நோய்ப்பட்ட கணினிகளைப் பார்ப்பது தொழில். ரேணிகுண்டா அலுவலகம்தான் அவளை அனுப்பியிருந்தது. உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு வராது. நடந்துகொண்டே, இடது உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டேதான் யோசனை வரும். சாயங்காலத்துக்குள் கை நீலமாகிவிடும்.

வரிசையின் ஓரமாகவே வாசலுக்கு நடந்தாள். லாரி, டிராக்டர், மினி லாரி. ஒவ்வொரு வண்டிக்காரரும் கையில் போனை நிழல் பார்த்துப் பிடித்திருந்தார். டோக்கன் இந்த வருடம் போனில்தான், ரேணிகுண்டாவிலிருந்து நேராக வரும். டோக்கன் பக்கத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் மூடினால் நம்பர் கடைசிக்குப் போய்விடும். சார்ஜ் தீராமல் இருக்க டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். தூக்கமும் இல்லை, குளியலும் இல்லை, போனை மட்டும் விடவில்லை.

வண்டிகள் இடைவெளியில்லாமல் நின்றன. வரிசையின் தலையில் மட்டும், கேட்டை ஒட்டி, ஒரு வண்டி நீளத்துக்குக் காலி இடம். தரையில் ஒரு பச்சைத் துண்டு. அதன்மேல் ஒரு கல். ஈவ்லின் துண்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

துண்டுக்குப் பின்னால் நின்ற டிராக்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் கிருஷ்ணப்பா.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?" ஈவ்லின் கேட்டாள்.

"நேத்து மத்தியானத்துலருந்து மா. அம்பத்தொம்போது நம்பரு நான். அம்பத்தேழு ஏழே முக்காலுக்கு உள்ள போச்சு. அதோட செரி. அடியில பழம் கசிய ஆரமிச்சிடிச்சி பாரு. கம்ப்யூட்டர் பொண்ணு பூட்டிப்புட்டாளாமே?"

"யாரு சொன்னாங்க?"

"மைக்குல சொன்னாங்க. மைக்குல யாரானா பொய் சொல்லுவாங்களா?"

கேட்டில் சின்னப்பன் கையை நீட்டினார். "போனக் குடுத்துட்டுப் போங்க மா. உள்ள போன் வெச்சிருந்தா வேலையே போயிடும். போன வருசம் எடை மேடைய எவனோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டான். அதுலருந்து இந்தச் சட்டம்."

அவர் பின்னால் மரத்தட்டு ஒன்று இருந்தது. முப்பத்தாறு அறைகள், முப்பத்தாறு ஊழியர்கள். எல்லா அறையிலும் போன்.

"தட்டுல எடம் இல்ல. உங்களுத மேசமேல வெக்கிறேன்."

மணி 10.40. அலுவலகம்.

"இதுல கண்டுபுடிக்க ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் நாகபூஷணம். "பாஸ்வேர்டு இவ ஒருத்திகிட்டதான். ரேணிகுண்டாவுக்கு மாத்தல் கேட்டா, ரெண்டு தடவ முடியாதுன்னேன். போன வாரம் கேண்டீன்ல எல்லார் முன்னாடியும், 'நான் இல்லாம ஒரு நாள் ஓட்டிப் பாருங்க'ன்னா. இன்னும் இன்னா வேணும்?"

"சொன்னியா?" ஈவ்லின் கல்பனாவைக் கேட்டாள்.

"சொன்னேன் அக்கா. கோவத்துல சொன்னேன்."

"கேட்டீங்களா மேடம்?"

"கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

"அது ஆகாது. ஒரு வேலைய நடுவுல வெட்டி வுடறது எனக்குப் புடிக்காது. ரெண்டு வருசம் முன்ன இப்டித்தான் ஏற்றுமதி ஃபாரம் ஒண்ண ஒரு மணி நேரம் குந்தி நெரப்பினேன். அனுப்பற நேரத்துல சர்வர நிறுத்திட்டான், அப்ப இருந்த வேதாச்சலம். ஆபீசுல ஆடித் தீத்துட்டேன். இது முடியற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

ஈவ்லின் திரைப் பக்கம் திரும்பினாள். ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, நின்றவாறே கீழே நகர்த்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நிறுத்தச் சொன்ன பிறகு எத்தன விநாடி காத்திருக்கணும்ங்கற வரி. இங்க முப்பது இருக்கணும். சைபர் இருக்குது."

"சைபர்னா உடனே நிறுத்துன்னுதானே அக்கா?" என்றாள் கல்பனா.

"இந்த மெஷினுக்கு அப்டி இல்ல. சைபர்னா, எவ்ளோ நேரம் ஆனாலும் காத்திரு. உள்ள இருக்கறவங்க அவங்களா எழுந்து போற வரைக்கும் கதவ மூடாத. இப்ப மாத்தினாலும் மறுபடி எழுப்பினப்புறம்தான் கணக்குல எடுக்கும்."

"பாத்தீங்களா! அவதான் மாத்தியிருக்கா!" நாகபூஷணம் மேசையைத் தட்டினார்.

ஈவ்லின் கோப்பின் தேதியைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம்.

"கல்பனா, நீ எப்ப சேந்த?"

"பதினாலு மாசம் ஆவுது."

ஈவ்லின் உள்ளங்கையில் எதையோ எழுதினாள். நாகபூஷணம் ஒரு நொடி நிதானித்தார். ஒரு நொடிதான்.

"சரே, அது எவன் பண்ணதோ. ரெண்டு வருசமா ஒழுங்கா நின்னுச்சே? இன்னிக்கி மட்டும் ஏன் நிக்கல?"

நல்ல கேள்வி. காலையிலிருந்து அந்த மனிதர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"ஏன்னா இன்னிக்கி மட்டும் உள்ள இருக்கற ஒருத்தர் எழுந்து போகல," என்றாள் ஈவ்லின். அவள் அடித்த கட்டளைக்குத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஒரே ஒரு இணைப்பு. முகவரியின் கடைசி எண் நாற்பத்தேழு. நேற்று மாலை 6.20க்கு உள்ளே வந்திருந்தது. இருபது விநாடிக்கு ஒருமுறை, 'இருக்கிறேன்' என்பதுபோல ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தேழு எது?"

கல்பனா திரையை இன்னொரு முறை பார்த்தாள். "எடை மேடை ரூம். ஆனா அந்தக் கம்ப்யூட்டர எட்டு அஞ்சுக்கே அணைக்கச் சொல்லிட்டேன். ஹரிபாபு அணைச்சிட்டு ரூமப் பூட்டிட்டாரு. உள்ள ஆளே இல்ல."

அணைந்த கணினி, பூட்டிய அறை. அதிலிருந்து துடிப்பு வந்துகொண்டே இருந்தது.

மணி 11.20. எடை மேடை அறை.

ஹரிபாபு பூட்டைத் திறந்தான். முப்பது வயதிருக்கும். சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்தான். பூட்டு இரண்டாவது தடவைதான் திறந்தது.

"எந்த ஊரு?"

"கார்வேட்டிநகரம் மேடம். தெனம் பஸ்சுல வந்து போறேன்."

"சாவி வேற யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல."

"காலையில எப்ப வந்தீங்க?"

"அஞ்சே முக்கால். கூட்டிப் பெருக்கி, சாமிக்கு மால போட்டேன். ஆறு மணிக்கு வேல ஆரமிச்சேன்."

"உள்ள இந்தக் கம்ப்யூட்டர் தவிர வேற இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

தகரக் கூரை. அடுப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஈவ்லின் கணினியைத் தொட்டுப் பார்த்தாள், அது அணைந்துதான் இருந்தது. இருந்தாலும் அதன் இணைய வயரைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த இண்டர்காமை எடுத்தாள்.

"இப்போ?"

"இன்னும் வருதுக்கா," என்றாள் கல்பனா மறுமுனையில். "இருபது விநாடிக்கு ஒருதரம் வந்துக்கினே இருக்குது."

மூலையில் ஒரு சின்ன வைஃபை பெட்டி. டோக்கனைப் படிக்கும் ஸ்கேனருக்காக இந்த வருடம் கல்பனாவே வைத்தது. நாற்பத்தேழு என்பது உண்மையில் அந்தப் பெட்டியின் முகவரி. அதன் பின்னால் எது இணைந்தாலும் வெளியே நாற்பத்தேழாகத்தான் தெரியும். ஸ்கேனர் இழுப்பறையில் பேட்டரி கழற்றிக் கிடந்தது.

"வைஃபை பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

ஹரிபாபு இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் கல்பனா மேடத்துக்கும்."

"கேட்டீங்களா!" பின்னாலேயே வந்திருந்த நாகபூஷணம் குதித்தார். "ரெண்டாவது போன் ஒண்ணு எங்கியோ ஒளிச்சி வெச்சிருக்கா. இந்த டப்பாவப் புடுங்கிப் போடுங்க மேடம், எல்லாம் முடிஞ்சிடும், அயிபோயிந்தி!"

"புடுங்கலாம் சார். ஆனா வெளிய போறேன்னு சொல்லாம ஒருத்தர் காணாமப் போனா, ப்ராக்ஸிக்கு அது தெரியாது. வருவாரு வருவாருன்னு இன்னும் மூணு மணி நேரம் காத்துக்கினு இருக்கும். உங்ககிட்ட மூணு மணி நேரம் இருக்குதா?"

இருக்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஈவ்லின் அறையை இன்னொரு முறை சுற்றினாள். மேசைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், சட்டம் போட்ட பெருமாள் படம். சுற்றிலும் சீரியல் பல்பு, பகல் என்பதால் எரியவில்லை. படத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு வயர்கள் இறங்கி ப்ளக் போர்டில் சொருகியிருந்தன. மல்லிகை மாலை. வலப்பக்கம் வெள்ளையாக இருந்தது. இடப்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குப் பூவெல்லாம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது.

"இது இன்னிக்கிப் போட்ட மாலைதான?"

"ஆமா மேடம்."

ஈவ்லின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே போனாள். ஹரிபாபு மறுபடி பூட்டினான். இந்த முறை மூன்று தடவை ஆயிற்று.

மணி 12.10. அலுவலகத் தரைவழி போனில் ஈவ்லின் பெங்களூருக்கு ஒரு அழைப்புப் போட்டாள். கல்பனாவுக்கு முன் இந்த வேலையில் இருந்த வேதாச்சலம் எடுத்தார். ஒரே கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பயப்படாதீங்க, உங்க மேல ஒண்ணும் வராது," என்று சொல்லி வைத்தாள்.

மணி 12.40. கல்பனாவின் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது.

"சாப்புடு மா."

"துன்றதுக்கு மனசு வருமாக்கா? கேட்டு வரைக்கும் போனேன். ஒரு ஆளு என்னப் பாத்துக் காறித் துப்பறாரு. நான் அவரு பழத்த அழுக வுட்டுட்டேனாம்." அவள் அழவில்லை. அழுகையைவிட அது மோசமாக இருந்தது. "சாந்திபுரத்துக்காரங்க வண்டியும் ரெண்டு நிக்கிது அந்த வரிசையில. எங்க அம்மாகிட்டப் போய் இன்னா சொல்லுவாங்க?"

ஈவ்லினுக்குக் கோபம் வந்தது. கணினி மேல் அல்ல. கணினி சொன்னதைத்தான் செய்கிறது. மைக் பிடித்த மனிதர் மேல். அவள் விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாள். சின்னப்பனின் மரத்தட்டை ஒவ்வொரு அறையாக எண்ணினாள். பன்னிரண்டில் ஹரிபாபுவின் போன். முப்பத்தொன்றில் கல்பனாவுடையது. ஒரு அறைகூடக் காலி இல்லை. அப்படியானால் உள்ளே துடிக்கும் பொருள் ஊழியர் யாருடையதும் அல்ல. வெளியாளுடையது. ஆனால் வெளியே நிற்பவர்களும் தங்கள் போனைக் கையைவிட்டு இறக்கவில்லை.

அங்கும் இங்கும் நடந்தாள். பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். சுற்றிக்கொண்டு வந்தாள். சட்டென்று நின்றாள்.

அன்றைக்கு அவள் சும்மா நின்றது அப்போதுதான்.

"கிருஷ்ணப்பா, உங்க போனக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் காட்டினார். 'உங்கள் எண் 59. உங்களுக்கு முன்னால் இருப்பவர்: 1.'

"அம்பத்தேழு காலையிலயே உள்ள போயிடிச்சி. உங்களுக்கு முன்ன யாரு?"

"அம்பத்தெட்டு. இந்தத் துண்டுக்காரங்கதான். கார்வேட்டிநகரத்து ரத்னம்மா. ஒத்தப் பொம்பளையா நாலு ஏக்கரு பாத்துக்கினு இருக்காங்க. டோக்கன் போன்ல முன்னாடியே எடுத்துட்டாங்க, நேத்து வர வழியில பெனுமூர் கிட்ட டிராக்டர் ஆக்சில் ஒடைஞ்சி போச்சு. சாயங்காலம் பஸ்ல வந்து துண்டப் போட்டுட்டு, வெல்டிங் வெக்கத் திரும்பிப் போயிட்டாங்க. வரிசை நகர நகரத் துண்ட நாந்தான் நகத்திக்கினு வந்தேன்."

"இத ஏன் காலையிலயே சொல்லல?"

கிருஷ்ணப்பா ஆச்சரியத்தோடு பார்த்தார். "துண்டு கெடக்குதே மா. இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

மணி 1.12. எடை மேடை அறையில் ஐந்து பேர். ஈவ்லின், கல்பனா, நாகபூஷணம், ஹரிபாபு, வாசலில் சின்னப்பன். கையோடு மேசைமேல் இருந்த தன் போனையும் ஈவ்லின் வாங்கி வந்திருந்தாள். சின்னப்பன் முணுமுணுத்தார், தடுக்கவில்லை.

"வாசல்ல ஒரு துண்டு கெடக்குது," என்று ஈவ்லின் ஆரம்பித்தாள். "அத எல்லாரும் பாத்தோம். நானும் பாத்தேன். யாரும் பேசல, ஏன்னா நம்ம ஊருல துண்டு போட்டு எடம் புடிக்கறது தெனம் நடக்கறது. துண்டு போட்டா தரையில எடம் நிக்கும். ஆனா இந்த வருசம் வரிசை ரெண்டு எடத்துல இருக்குது. தரையிலயும் இருக்குது, போன்லயும் இருக்குது. தரையில எடம் புடிச்ச ரத்னம்மா, போன்ல எடம் புடிக்க இன்னா பண்ணாங்க? டிராக்டர் பெனுமூர்ல. ஆளு பெனுமூர்ல. ஆனா அம்பத்தெட்டு இன்னும் வரிசையில உயிரோட இருக்குது. அப்டின்னா அவங்க போன் எங்கியோ தொறந்தே இருக்குது. எங்க?"

ஈவ்லின் பெருமாள் படத்துக்கு அருகில் போனாள்.

"வெளிய பழக் கறை இல்லாத எடம் இல்ல, வெயில் இல்லாத எடம் இல்ல. தொடர்ந்து சார்ஜ் வேணும். பூட்டு போட்ட எடமா இருக்கணும். நம்பிக் குடுக்க சொந்த ஊருக்காரரா இருக்கணும். இந்தப் படத்துக்குப் பின்னாலருந்து ரெண்டு வயர் வருது. சீரியல் பல்புக்கு ஒரு வயர் போதும். காலையில ஆறு மணிக்குப் போட்ட மால, ஒரு பக்கம் மட்டும் வெந்து கெடக்குது. பெருமாளுக்கு ஒரு பக்கம் மட்டும் காய்ச்சல் அடிக்குமா?" அவள் குரல் தணிந்தது. "சாமி படம். நீங்களே எடுங்க ஹரிபாபு."

ஹரிபாபு கையை ஈரமாக்கித் துடைத்துக்கொண்டு படத்தைத் தூக்கினான். பின்னால், ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள், கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். இட்லிச் சட்டி போலக் கொதித்தது. திரையில்: 'எண் 58. உங்கள் முறை வரும்வரை இந்தப் பக்கத்தை மூடாதீர்கள்.'

"ரீசார்ஜ் முடிஞ்சி போச்சுன்னாங்க மேடம்," என்றான் ஹரிபாபு. "வைஃபைல போட்டு வெச்சேன். பெரிம்மா மொற ஆவணும். கடைசிக்குப் போனா இன்னும் ரெண்டு நாளு, பழம் மொத்தமும் போயிடும். மெஷின் நிக்காததுக்கு இந்த போன்தான் காரணம்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அது தெரியாது. போன் உள்ள இருக்கறது தெரியுமில்ல?" கல்பனா முதல்முறையாகக் கத்தினாள். "என்ன மைக்குல திட்டும்போது நீ அங்கதான நின்னுக்கினு இருந்த? கால் கட்டவெரலப் பாத்துக்கினு இருந்த!"

அவன் இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்," என்றார் நாகபூஷணம். "ஹரிபாபு, வெளிய போ. மைக்குல சொன்னது சொன்னதுதான். பண்ணவனுக்கு இனிமே இங்க வேல இல்ல."

"இருங்க சார். பண்ணது ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு."

"இன்னொருத்தன் யாரு?"

"நீங்க."

வாசலில் சின்னப்பன் பிளாஸ்திரியைச் சொறிவதை நிறுத்தினார்.

"ஒரு போன் எடத்தப் புடிச்சிக்கினு இருந்தா மட்டும் ப்ராக்ஸி நிக்காமப் போகாது. முப்பது விநாடி பாத்துட்டு, வணக்கம் சொல்லி அனுப்பிட்டு நின்னிருக்கும். அத மாத்தி சைபர் போட்டது யாரு? ரெண்டு வருசம் முன்ன உங்க ஏற்றுமதி ஃபாரம் நடுவுல அறுந்து போச்சு. அன்னிக்கி ஆபீசுல ஆடித் தீத்தேன்னு நீங்களே சொன்னீங்க. ஆடிட்டு இன்னா உத்தரவு போட்டீங்கன்னு சொல்லல. வேதாச்சலம் சொன்னாரு. 'இனிமே உள்ள யாரானா வேல செஞ்சிக்கினு இருந்தா, அவங்களா முடிக்கற வரைக்கும் மெஷின் நிக்கக் கூடாது.' அவரு பயந்துகினு சைபர் போட்டுட்டாரு. ரெண்டு வருசமா அது வெளிய தெரியல, ஏன்னா எல்லாரும் வேல முடிஞ்சி போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் ஆறு இருபதுக்கு வந்தது மட்டும் போகல. மெஷின் காலையிலருந்து உங்க பேச்சத்தான் சார் கேட்டுக்கினு இருக்குது."

நாகபூஷணம் வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை.

"ரேணிகுண்டாவுக்கு நான் ரிப்போர்ட் எழுதணும்," என்றாள் ஈவ்லின். "பண்ணவங்களுக்கு வேல இல்லன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. தெரியாமப் பண்ணாங்கன்னா ரெண்டு பேரும் தெரியாமப் பண்ணாங்க. நீங்க சொல்ற மாதிரியே எழுதறேன்."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். எண்பது ஹாரன்.

"தெரியாமத்தான்," என்றார் நாகபூஷணம் கடைசியில்.

மணி 1.29. ஈவ்லின் தன் போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கினாள். ரத்னம்மாவின் போனில் டோக்கன் பக்கத்தை முறையாக மூடி ப்ராக்ஸியிடம் விடைபெற்றாள்; ஆலை வைஃபையிலிருந்து விடுவித்து, ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, உடனே மறுபடி திறந்தாள். பக்கம் ஒருமுறை சுழன்றது. மறுபடி வந்தது: எண் 58. இடம் போகவில்லை. துண்டு மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டாயிற்று.

கல்பனா அலுவலகத்துக்கு ஓடினாள்.

மணி 1.31. நாற்பத்தேழு வெளியேறியது. 'பட்டியல் எழுதப்பட்டது. நிறுத்தப்பட்டது.' ஐந்தரை மணி நேரம் பார்த்த வரி திரையிலிருந்து போய்விட்டது. கல்பனா சைபரை அழித்தாள். முப்பது என்று அடித்தாள். அவசரத்தில் மூன்று பக்கத்தில் இன்னொரு மூன்று விழுந்தது, அதையும் அழித்தாள்.

மணி 1.38. புது லைனில் ப்ராக்ஸி எழுந்தது. வரிசை ஒரு நம்பர்கூட மாறாமல் வந்தது.

"நம்பரக் கூப்புடு மா," என்றார் நாகபூஷணம்.

கல்பனா மைக்கைத் தொடவில்லை. "அதுக்கு முன்ன நீங்க பேசணும் சார். காலையில எந்த மைக்குல பேசுனீங்களோ அந்த மைக்குல."

அவர் ஈவ்லினைப் பார்த்தார். ஈவ்லின் ஜன்னல் வழியாக வேலூர் ரோட்டைப் பார்த்தாள்.

"அலோ. அலோ. ரைத்துங்க கேளுங்க." ஒலிபெருக்கி கரகரத்தது. "காலையில நான் சொன்னது தப்பு. கல்பனா மேல ஒரு தப்பும் இல்ல. விசாரிக்காம பேசிட்டேன். மெஷின சரி பண்ணது அந்தப் பொண்ணுதான். மன்னிச்சிக்கணும்."

வாசலில் எங்கிருந்தோ ஒரு குரல்: "செரி செரி, நம்பரக் கூப்புடுய்யா!"

கல்பனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் கண்ணில் நீரும் வந்தது. மைக்கை வாங்கினாள்.

"அம்பத்தெட்டு. ரத்னம்மா."

காலி இடம், ஒரு துண்டு, ஒரு கல். யாரும் வரவில்லை.

"அம்பத்தெட்டு. ரெண்டாவது தடவ."

சின்னப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணப்பாவுக்குக் கை காட்டினார். "நீ வாய்யா. மூணு தடவக் கூப்பிட்டு வரலன்னா உன்னுதுதான்."

கிருஷ்ணப்பாவின் டிராக்டரின் அடியில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். "துண்டு கெடக்கும்போது எப்டிய்யா ஏத்தறது? அந்தப் பொண்ண மூணாவது தடவ மெதுவாக் கூப்புடச் சொல்லு."

கல்பனாவுக்கு அது கேட்டது. அவள் மைக்கைத் துடைத்தாள். தண்ணீர் குடித்தாள். கணினியில் இல்லாத ஏதோ ஒன்றைத் தேடினாள். ஊர் அறிய, நியாயமான ஒரு தாமதம் அது.

மணி 1.51. ரோட்டுப் பக்கம் ஒரு கூச்சல். வரிசையில் நின்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் ஒதுங்கின. புது வெல்டிங் கருத்துத் தெரிய, ஒரு டிராக்டர் ஆடிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் பக்கத்தில் நின்றபடி ஒரு பெண், புடவையெல்லாம் கிரீஸ்.

"அம்பத்தெட்டு," என்றாள் கல்பனா. "மூணாவது தடவ. ரத்னம்மா, உள்ள வாங்க."

ரத்னம்மா இறங்கி, கல்லைக் காலால் தள்ளி, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். எடை மேடை வாசலில் ஹரிபாபு அவள் போனை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சார்ஜு எறங்காம நின்னுதா நைனா?" என்று கேட்டாள் அவள்.

ஹரிபாபு மறுபடி கால் கட்டைவிரலைப் பார்த்தான். பக்கத்தில் நீல உள்ளங்கையை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஈவ்லின்தான் பதில் சொன்னாள்.

"நின்னுச்சுங்க. அது ஒண்ணுதான் காலையிலருந்து ஒழுங்கா நின்னுச்சு."